நானூற்றுப் பதினாறாம் பக்கம்

கொற்கை அணியின் தொடக்க ஆட்டக்காரன் கோட்டூர்சாமி, முப்பத்தெட்டு வருஷம் அவுட் ஆகாமல் நின்ற கால்களோடு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குச் சாத்தூர் பஸ்ஸிலிருந்து சிவகாசியில் இறங்கினான். பஸ்ஸில் பதினேழு சீட் காலியாகக் கிடந்தது என்றும், உட்காருய்யா உட்காருய்யா என்று நாலு தடவை சொல்லியும் அந்த ஆள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேதான் வந்தான் என்றும் கண்டக்டர் டீக்கடையில் சொன்னபோது, கேட்டவர்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கவில்லை. காலில் பேடும் கக்கத்தில் மட்டையுமாக ஒருவன் தங்கேஸ்வரன் வீடு எங்கே என்று விசாரித்தால், கைராசிக்காரர் வீட்டுக்கு யார்தான் வரமாட்டார்கள் என்று கையை நீட்டி வழிகாட்டிவிட்டு ஊர் மிச்ச டீயைக் குடித்தது. அவன் காகிதத்தில் பிறந்து, காகிதத்தில் வளர்ந்து, காகிதத்திலேயே முப்பத்தொன்பதாயிரத்து அறுநூற்றெழுபது ரன் எடுத்தவன் என்ற விவரம் சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. தெரிந்துகொண்டு, அப்படியா என்றார்கள்.

அந்தக் காகித விளையாட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. தங்கேஸ்வரனின் மனைவி அன்னக்கனியைச் சொல்லச் சொன்னால், ஆறு பேருக்கு வேற சோலி இல்ல என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். கதை என்றால் கொஞ்சம் நீட்டித்தான் ஆக வேண்டும். அவளுக்குக் கல்யாணமான வருஷம், அவள் புருஷன் வேலை பார்த்த அச்சகத்தில், கட்டிங் மெஷின் ஓட்டுகிறவரும் புரூஃப் பார்க்கிறவரும் மை கலக்குகிறவருமாக, மீசை முளைத்து ரேஷன் கார்டில் பெயர் ஏறிய ஆறு ஆண்பிள்ளைகள் கூடி, சரித்திர நகரங்கள் கிரிக்கெட் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்து, கொற்கை, பூம்புகார், முசிறி, பஞ்சாலங்குறிச்சி, கங்கைகொண்ட சோழபுரம், தனுஷ்கோடி என்று ஆளுக்கொரு பழைய ஊரைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். கடல் விலகிப்போனதும், கோட்டை இடிந்ததும், புயல் கொண்டுபோனதுமான ஊர்கள். இருக்கிற ஊர்களுக்கு அணி சேர்க்க நாட்டில் எத்தனையோ பெரியமனிதர்கள் இருந்தார்கள். இல்லாத ஊர்களுக்கு இந்த ஆறு பேர்தான் வாய்த்தார்கள்.

கட்டிங் மெஷினுக்குக் கழிவாக வரும் கல்யாணப் பத்திரிகைகளிலிருந்து ஆட்டக்காரர்களுக்குப் பெயர் எடுத்தார்கள். கோட்டூர்சாமி என்பது யாரோ ஒரு மாப்பிள்ளையின் பெயர். கல்யாணம் நின்றுபோய் முந்நூறு பத்திரிகையும் கழிவுக்கு வந்திருந்தன. பெயர் வைத்ததோடு விட்டார்களா? ஒவ்வொருவனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, உயரம், மச்சம், எந்த முழங்காலில் வலி, எந்த ஆட்டத்தில் மனசு சரியில்லை என்பதெல்லாம் நோட்டில் எழுதினார்கள்; சொந்தப் பெண்டாட்டியின் நட்சத்திரம் கேட்டால் விழிப்பார்கள், பூம்புகாரின் ஏழாவது ஆட்டக்காரனுக்கு எந்த வருஷம் அம்மை போட்டது என்று கேட்டால் நாள் கிழமையோடு சொல்வார்கள். வருஷத்துக்கு ஒரு வயதை எல்லாருக்கும் கூட்டவும் செய்தார்கள். அந்த ஒன்றில் மட்டும் நியாயமாக இருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பந்து கிடையாது, மைதானம் கிடையாது. ஒரு மந்திரியின் வாழ்க்கை வரலாறு எண்ணூறு பக்கத்தில் அச்சாகி, பைண்டிங் முடியுமுன்பே அவர் பதவி போய், எடுத்துப்போக ஆள் வராமல் அச்சகத்திலேயே தங்கிவிட்டது. அதில் ஆளுக்கொரு பிரதியை வைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை தங்கேஸ்வரன் வீட்டுக் கூடத்தில் கூடி, கண்ணை மூடிப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். இடதுபக்க எண்ணின் கடைசி இலக்கம் ரன். ஆறு என்றால் சிக்ஸர், எட்டு என்றால் ஒன்று, பூஜ்யம் என்றால் அவுட். ஒரு ஆட்டத்தில் ஓர் அணிக்கு இருபது திறப்பு, வருஷத்துக்கு ஒன்பது ஆட்டம். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் ஒரு வருஷம் விளையாடிவிட்டு மறந்துபோகிற இந்தப் புத்தகக் கிரிக்கெட்டுக்கு முப்பத்திரண்டு விதிகள் எழுதி, அச்சடித்து, ஓரம் வெட்டி வைத்துக்கொண்டார்கள். அவற்றில் ஏழாவது விதி இது: அவுட் ஆகாதவனை ஆட்டம் முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்புவது அநியாயம், அவன் அடுத்த ஆட்டத்திலும் விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும். எழுதியபோது அதில் அநியாயம் எதுவும் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமையே கொற்கைக்காகத் தங்கேஸ்வரன் புத்தகத்தைத் திறந்தார், நானூற்றுப் பதினாறு. மறுபடி திறந்தார், நானூற்றுப் பதினாறு. பதவி போன மந்திரி ஒரு பாலத்தைத் திறந்துவைத்துச் சிரிக்கும் படம் உள்ள அந்தப் பக்கம், கட்டிப்போட்ட கன்று தாயிடம் ஓடுகிற மாதிரி அவர் விரலுக்கு ஓடி வந்தது. எப்போதாவது கை தவறினால் ஒரு நாலு, ஒரு இரண்டு. பூஜ்யம் மட்டும் வரவே இல்லை. முதலில் இறங்கியவன் கோட்டூர்சாமி என்பதால் சிக்ஸர் எல்லாம் அவன் கணக்கிலேயே விழுந்தது. கொற்கை ஐந்து வருஷம் தொடர்ந்து ஜெயித்ததும் ஊரில் தங்கேஸ்வரனுக்குக் கைராசிக்காரர் என்று பெயர் விழுந்தது. அதற்கப்புறம் அவர் வந்து ரிப்பன் வெட்டாமல் காளியம்மன் கோயில் வட்டாரத்தில் ஒரு கடை திறக்கவில்லை, அவர் முதல் பொட்டலம் வாங்காமல் ஒரு பலகாரக் கடையில் போணி ஆகவில்லை. மனிதர் நடக்கும்போது வலது கையைக் கொஞ்சம் முன்னால் விட்டு நடக்கக் கற்றுக்கொண்டார்.

கைராசி எங்கே இருந்தது என்பது அன்னக்கனிக்கு மட்டும் தெரியும்.

அதே அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் அவள் தையல்காரி. பதினாறு பதினாறு பக்கமாக மடித்த பாரங்களை அடுக்கி, ஒன்றை இன்னொன்றோடு நூலால் முடிச்சிட்டுத் தைக்கிற வேலை. கல்யாணமாகி எட்டாம் நாள், புருஷனின் பிரதியை அவளேதான் தைத்தாள். இருபத்தாறாம் பாரம் முடிந்து இருபத்தேழாம் பாரத்தை எடுக்கும்போது, புது மாப்பிள்ளை பின்னால் வந்து நின்று, தலையில் வைத்திருந்த பிச்சிப்பூவை மோந்து பார்த்தார். பத்தொன்பது வயதுக் கை நடுங்கிற்று. ஒரு முடிச்சு விட்டுப்போயிற்று. முடிச்சு விட்ட இடத்தில் புத்தகம் வாய் பிளக்கும். இருபத்தாறு பாரத்தை எண்ணிப் பாருங்கள், நானூற்றுப் பதினாறு பக்கம்.

அன்றைக்கே அவளுக்குத் தெரிந்தது. திங்கட்கிழமை பிரித்துத் தைத்துவிடலாம் என்று இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மனிதர் அத்தனை சிக்ஸரையும் அடித்துவிட்டு, மிக்சர் பொட்டலமும் கையுமாக அடுக்களைக்குள் வந்து, "பாத்தியாடி என் கைய" என்று அந்தக் கையாலேயே ஊட்டிவிட்டார். இன்னும் ஒரு வாரம் சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்தாள். அந்த ஒரு வாரம்தான் முப்பத்தெட்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஏழாம் வருஷம், பிள்ளை இல்லாத பேச்சு கூடத்தில் வந்தபோது, ஐந்து அணித்தலைவர்கள் முன்னால், "என் கைக்கு என்ன குறை? அவ கை ராசியில்லாத கை" என்று அவர் சொன்னதும், டீ டம்ளர் தட்டோடு வாசலில் நின்றவள் டீயைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு அவளுக்கு அவர்மேல் உண்டான இளக்காரம், ஊறப்போட்ட உளுந்து மாதிரி வருஷா வருஷம் பெருத்ததே தவிரக் குறையவில்லை. சொல்லிவிட்டால் தீர்ந்துபோகும் என்பதால் அவள் சொல்லவும் இல்லை. அவர் ரிப்பன் வெட்டக் கிளம்பும்போதெல்லாம் வேட்டியை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, முந்தானைக்குள் சிரித்துக்கொள்வாள். கேவலமான சந்தோஷம்தான். அவளுக்கு வேறு கிடைக்கவில்லை.

இப்படிப்பட்ட வீட்டு வாசலில்தான் கோட்டூர்சாமி வந்து நின்றான். காகிதக் கணக்குப்படி ஐம்பத்தெட்டு வயது, நரைத்த கிருதா, இடது காதுக்குக் கீழே நோட்டில் எழுதியபடியே மச்சம்.

"மொதலாளி, ஒரே ஒரு கோரிக்கைதான்" என்றான். "என்னைய அவுட் ஆக்கிவிடுங்க."

தங்கேஸ்வரன் முதலில் மச்சத்தைச் சரிபார்த்தார். பிறகு முழங்காலை. பிறகு, "உள்ள வாப்பா, உக்காரு" என்றார்.

"உக்கார முடியாதுங்க. அவுட் ஆனாத்தான் உக்கார முடியும். முப்பத்தெட்டு வருசமா நிக்கேன்."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்று தங்கேஸ்வரன், மற்ற ஐந்து பேருக்கும் போன் போட உள்ளே போய்விட்டார்.

ஐவரும் வந்தார்கள். பூம்புகார் அணித்தலைவரும் சங்கத்தின் செயலாளருமான புரூஃப் ரீடர் பால்வண்ணன், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எழுபத்திரண்டாவது ஆட்டத்தில் உனக்கு என்ன உபாதை, நூற்றுப் பதினோராவது ஆட்டத்தில் வானிலை எப்படி என்று ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். நின்றுகொண்டே அவன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். அவன் எப்படி வந்தான் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கொற்கைக்காரன் வந்திருக்கிறானே, என் ஆள்கள் ஏன் வரவில்லை என்ற வயிற்றெரிச்சல்தான் ஐந்து முகத்திலும் இருந்தது. பஞ்சாலங்குறிச்சிக்காரர் மறுநாளே பஸ் ஸ்டாண்டில் போய் நின்று, இறங்குகிற ஆள்களின் காதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை அவனை நகராட்சி மைதானத்துக்கு ஊர்வலமாகக் கூட்டிப்போனார்கள். நாற்பதாயிரம் ரன்னை எட்டப்போகிற மகாவீரனுக்குப் பந்து போட வெடிக்கடைப் பையன்களெல்லாம் வரிசை கட்டினார்கள். முதல் பந்து அவன் தொடையில் பட்டு விழுந்தது. அவன் குனிந்து அதை எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பி, தையலைத் தடவிப் பார்த்தான்.

"இது என்னதுங்க?"

"பந்துய்யா."

"இதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?"

ஊர் சிரிக்கவில்லை, சிரிப்பதற்குக்கூட அவன் லாயக்கில்லை என்பதுபோல் கலைந்து போயிற்று. பந்தைப் பார்க்காதவனெல்லாம் சிக்ஸர் அடித்தானாம் என்று நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு போன அதே ஊர், அடுத்த வாரமே அவனுக்கு ஒரு உபயோகம் கண்டுபிடித்தது. உட்காராத மனிதன் ஒருவன் ஊரில் இருக்கிறான், கேட்டால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன். ரேஷன் கடை வரிசையில் ஏழு வீட்டுப் பையோடு அவனை நிற்க வைத்தார்கள். தண்ணீர் லாரி வருகிற இடத்தில், கரண்ட் ஆபீசில், ஆஸ்பத்திரி டோக்கன் ஜன்னலில் நிற்க வைத்தார்கள். கல்யாண மண்டபத்துக்காரர் வாசலில் நிறுத்திப் பன்னீர்ச் செம்பைக் கையில் கொடுத்தார், மேல்நிலைப் பள்ளி டிரில் மாஸ்டர் பிரேயரில் கொண்டுபோய் நிறுத்தி, நிற்பது என்றால் இப்படி நிற்க வேண்டும் என்று காட்டினார், ஒரு கட்சிக்காரர்கள் உண்ணாவிரதப் பந்தலில் பின்வரிசையில் நிறுத்திக் கூட்டத்தைக் கூட்டிக் காட்டினார்கள், மறுநாள் எதிர்க்கட்சிக்காரர்கள் வந்து முன்வரிசைக்குக் கேட்டார்கள். நிற்கிறவன் என்று பெயரும் வைத்தார்கள். நிற்கிறவனை எங்கே, நம்ம வீட்டுக்கு நாளைக்கு வேணுமே என்று பெண்டுகள் வாசலில் வந்து தங்கேஸ்வரனிடம் கேட்டார்கள். அவரும் பெருந்தன்மையாக, கூட்டிட்டுப் போங்க என்றார். நீ எதுக்குப்பா வந்தே என்று அவனை ஒரு ஜீவனும் கேட்கவில்லை. ஊர் அதிசயத்தை ஏற்றுக்கொள்வது என்றால் இப்படித்தான் ஏற்றுக்கொள்ளும், அதன் தோளில் நாலு பையை மாட்டிவிடும்.

ராத்திரி அவன் பின்கட்டில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தூணைப் பிடித்தபடி நின்றே தூங்கினான்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. இரண்டு நாளும் கூடத்து மூலையில் அவனை நிறுத்திவைத்து, அவன் கண் முன்னாலேயே தங்கேஸ்வரன் புத்தகத்தைத் திறந்தார். ஒவ்வொரு திறப்புக்கு முன்னும் அவன் கண்ணை இறுக மூடிக்கொள்வதையும், நானூற்றுப் பதினாறு என்று பால்வண்ணன் வாசித்ததும் முழங்கால் ஒருமுறை நடுங்கி நிமிர்வதையும், டீத்தட்டோடு வாசலில் நின்ற அன்னக்கனி பார்த்தாள். நாற்பது தடவை பார்த்தாள். ஐந்து அணித்தலைவர்களும் கைதட்டினார்கள். இன்னும் தொண்ணூறு ரன். வருகிற ஞாயிறு நாற்பதாயிரம். காலண்டர் அச்சடிக்கிற முதலாளியே நேரில் வந்து தங்கேஸ்வரன் கைக்குப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. ஆமாம், கைக்குத்தான்.

புதன்கிழமை மத்தியானம், ரேஷன் வரிசையிலிருந்து வந்தவனின் காலைக் கழுவச் சொல்லி அவள் தண்ணீர் ஊற்றினாள். பேடைக் கழற்றியதும் பார்க்கப் பொறுக்கவில்லை. கணுக்காலில் விரலை வைத்து அமுக்கினாள். பிசைந்த கோதுமை மாவில் விழுகிற மாதிரி குழி விழுந்து, எழும்பாமல் அப்படியே நின்றது.

"வலிக்குதா?"

"வலி பழகிருச்சு தாயி. மத்தவங்க மூஞ்சியப் பாக்கத்தான் முடியல." அவன் துவைகல்லைப் பார்த்துக்கொண்டு பேசினான். "எனக்கு எதிர்முனையில கண்ணாயிரம்னு ஒருத்தன். ரெட்டைப்படையாவே ரன் விழுந்தா அவன் பக்கம் ஆட்டம் போகவே போகாதுல்ல? முப்பத்தெட்டு வருசமா சும்மா நிக்கான். எங்கிட்டப் பேச்சை நிறுத்தி இருபது வருசமாச்சு. கொட்டகையில ஒம்பது பேரு பேடு கட்டிக்கிட்டு ஒக்காந்துருந்தானுக. மூணாவது எறங்க வேண்டியவன் பேடு கட்டுன காலோடயே செத்துப்போனான். ஒரு பந்து... பந்துன்னுதான அதுக்குப் பேரு... ஒண்ணுகூட அவனுக்குக் கிடைக்கல. நான் தண்ணி குடிக்கப் போனா எல்லாரும் காறித் துப்புறானுக. துப்பட்டும். எனக்கே என்னைப் பாத்தா துப்பணும்போலத்தான் இருக்கு. ஒரு மனுசன் எத்தன காலந்தான் ஜெயிச்சுக்கிட்டே இருக்கது?"

அன்னக்கனி தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷமும் விட்டுப்போன அந்த முடிச்சு தன் புருஷனை முட்டாளாக்கிக்கொண்டிருப்பதாக மட்டும்தான் அவள் நினைத்திருந்தாள். அதன் மறுமுனையில் ஒருவன் நின்றுகொண்டிருப்பான் என்று தோன்றியதே இல்லை. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக வந்தது.

அன்று சாப்பாடு போடும்போது புருஷனிடம் கேட்டாள்.

"அந்த ஆளை ரிட்டயர் பண்ணி விட்ரலாம்லங்க. ஒரு கையெழுத்துதான?"

"கிறுக்கச்சி மாதிரி பேசாத. அவுட் ஆகாதவனை எவனாவது எடுப்பானா?"

"கால் வீங்கிக் கெடக்கு. பாவமா இருக்கு."

"காகிதத்துக்கு ஏதுடி காலு?" தங்கேஸ்வரன் ரசத்தை உறிஞ்சினார். "அவன் நிக்கிறதுலதான் நான் நிக்கிறேன். நாற்பதாயிரம் ஆகட்டும். அப்புறம் அம்பதாயிரம். உனக்கென்ன தெரியும் ஒரு அணியை நடத்துறதைப் பத்தி? ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எத்தனை யோசனை, எத்தனை வியூகம். தைக்கிற கைக்கு இதெல்லாம் புரியாது. மோர் ஊத்து."

அவள் மோர் ஊற்றினாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஒரு செல்போன் கடைக்கு ரிப்பன் வெட்ட அவர் திருத்தங்கலுக்குக் கிளம்பிப் போனார். புத்தகம் பூஜை அலமாரியில் சந்தனமும் குங்குமமும் அப்பிக் கிடந்தது. அன்னக்கனி அதை எடுத்துப் பின்கட்டுக்குக் கொண்டுவந்து, புத்தக முதுகில் ஒட்டிய துணியில் ஈரத்தை ஒற்றி ஒற்றி ஊறவைத்து, மெதுவாக உரித்தாள். பாரங்கள் பழுப்பேறி, நூல் மஞ்சளாகி, அவள் பத்தொன்பது வயதில் போட்ட முடிச்சுகள் ஒன்றின்கீழ் ஒன்றாக ஒழுங்காக இருந்தன, ஒரு இடம் தவிர. கோட்டூர்சாமி தூணைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றான்.

"இதுதானா தாயி?"

"இதுதான்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். நான் விட்டது. நாப்பது வருசம் அவரு தூக்கிட்டுத் திரிஞ்ச கைராசி இந்தா இம்புட்டுதான் இருக்கு, பாத்துக்கோங்க."

கோட்டூர்சாமி குனிந்து அந்த இடைவெளியை விரலால் தடவினான். அவளைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நல்லாயிருக்கும் என்றும் இருந்தது. "தெரிஞ்சுமா வச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டான்.

"தெரிஞ்சுதான்" என்றாள். ஊசியில் நூலைக் கோத்து, இருபத்தாறையும் இருபத்தேழையும் இழுத்துச் சேர்த்து முடிச்சுப் போட்டாள். பயந்த கை போட்ட முடிச்சு இல்லை. இழுத்தால் பாரம் கிழியும், முடிச்சு அவிழாது. மைதாப் பசை காய்ச்சித் தடவி, துணியை ஒட்டி, ஆட்டுக்கல் குழவியைத் தூக்கி மேலே வைத்து, சாயங்காலம் அவர் வருவதற்குள் சந்தனமும் குங்குமமும் புதிதாக வைத்து அலமாரியில் சேர்த்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பதினான்கு நாற்காலி போட்டிருந்தது. காலண்டர் முதலாளி பொன்னாடையோடு வந்திருந்தார், ஒரு போட்டோக்காரர் வந்திருந்தார், ஐந்து அணித்தலைவர்களும் அவிந்த முகத்தோடு வந்திருந்தார்கள். மூலையில் கோட்டூர்சாமி. டீத்தட்டோடு வாசலில் அன்னக்கனி. தங்கேஸ்வரன் வலது கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கண்ணை மூடி, புத்தகத்தைத் திறந்தார்.

பால்வண்ணன் வாசிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இருநூத்தி முப்பது" என்றார்.

"என்னது?"

"இருநூத்தி முப்பது, அண்ணாச்சி. பூஜ்யம்."

போட்டோக்காரர் கேமராவை இறக்கினார். தங்கேஸ்வரன் சிரித்தார், காத்து அடிச்சிருச்சு, ஃபேனை அணைங்க என்றார், கை வேர்த்திருந்துச்சு என்றார், இது சேத்தி இல்ல என்றார். விதிப் புத்தகத்தில் காற்றுக்கும் வேர்வைக்கும் இடம் இல்லை என்று முசிறிக்காரர் ஆசையாகப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். தங்கேஸ்வரன் காதில் வாங்காமல் நானூற்றுப் பதினாறாம் பக்கத்தை விரலால் தேடித் தேடிப் பிடித்து, இரண்டு கட்டைவிரலாலும் விரித்துப் பிளந்தார். புத்தகம் வாய் திறக்க மறுத்தது. விரிந்த மட்டுக்கும் அடியில், மஞ்சள் நூல்களுக்கு நடுவே, வெள்ளை வெளேரென்று ஒரு புது முடிச்சு தெரிந்தது.

முப்பத்தெட்டு வருஷம் அச்சகத்தில் இருந்த மனிதர். ஒரு புது முடிச்சு எதற்குப் போடப்படும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தார். அன்னக்கனி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. சொல்லுங்களேன் என்பதுபோல் நின்றாள். இவள் புத்தகத்தைத் தைத்துவிட்டாள் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லலாம். சொன்னால் அதுவரை தைக்காமல் இருந்தது என்றாகும், தைக்காத புத்தகத்தில் எடுத்த ஜெயமெல்லாம் ஊர் சிரிக்கிற ஜெயமாகும், பொன்னாடைக்குக் காத்திருந்த கை வெறும் கையாகும். ஐந்து பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் தன் ஆயுளில் முதல் தடவையாக ஒரு அணித்தலைவனுக்கு உரிய யோசனை எல்லாவற்றையும் யோசித்து முடித்து, பேனாவை எடுத்து, நோட்டில் எழுதினார். கோட்டூர்சாமி, அவுட்.

மூலையில் மட்டை விழுகிற சத்தம் கேட்டது.

கோட்டூர்சாமி சுவரில் முதுகை வைத்து வழுக்கி வழுக்கி இறங்கினான். முழங்கால் இரண்டும் காய்ந்த விறகு முறிகிற சத்தத்தோடு மடங்கின. நாற்காலி காலியாக இருந்தும் தரையில்தான் உட்கார்ந்தான். உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் தரையில் வைத்து அழுத்திப் பார்த்து, சத்தம் இல்லாமல் அழுதான்.

அதைப் பார்க்க அங்கே யாருக்கும் பொழுது இல்லை. நாற்பதாயிரம் ஆகாத கைக்குப் பொன்னாடை எதற்கு என்று காலண்டர் முதலாளி அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஐந்து அணித்தலைவர்களும் கல்யாணக் களையோடு டீக்கடைக்குப் போனார்கள். அவர்கள் முதல் டீயை முடிக்குமுன் ஊருக்கே தெரிந்து, திங்கட்கிழமை திறக்க இருந்த நகைக்கடைக்காரர் வேறு கைராசி விசாரிக்க ஆள் அனுப்பிவிட்டார். நிற்கிறவன் உட்கார்ந்துவிட்டானாம் என்ற சேதி வந்ததும், அப்போ நாளைக்கு ரேஷனுக்கு யார் நிற்பது என்று வாசல் வரைக்கும் வந்த பெண்டுகள், அவனை ஏதோ துரோகியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அன்னக்கனி டீத்தட்டை ஸ்டூலில் வைத்தாள். உள்ளே போய் இரண்டு இலை கொண்டுவந்து கூடத்தில் எதிரெதிராகப் போட்டாள். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தாள்.

"நான் கெளம்பணும் தாயி" என்றான் கோட்டூர்சாமி, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அடுத்தவன் எறங்கணும். பேடு கட்டிட்டு ஒக்காந்துருப்பான்."

"முப்பத்தெட்டு வருசம் ஒக்காந்துருந்தவன் இன்னும் அரைமணி நேரம் ஒக்காருவான். சாப்பிடுங்க."

அவன் இலையருகே நகர்ந்து, சம்மணம் போடத் தெரியாமல் போட்டு, முதல் கவளத்தை எடுத்தான். முப்பத்தெட்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கூடத்தில் ஒரு தடவையும் உட்காராத அன்னக்கனி, எதிர் இலையில் உட்கார்ந்து, பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். குழம்பு நன்றாக இருந்தது.

தங்கேஸ்வரன் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி கூடத்து நடுவில் நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் பதினான்கு நாற்காலியும் காலியாகத்தான் கிடந்தன. அவரை உட்காரச் சொல்ல ஆள் இல்லை.